ஒரு மணி நேரப் புண்ணியம்

ருவாண்டாவில் புண்ணியத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. மலைக் கொரில்லாக்களின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார வெளிநாட்டுப் பயணி கட்ட வேண்டியது 1,500 டாலர். 750ஆக இருந்ததை 2017 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் இரட்டிப்பாக்கினார்கள். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அந்த நாட்டில் ஒரு மனிதருடைய ஓராண்டுச் சராசரி வருமானத்துக்கும் மேல். கொரில்லா கண்ணில் பட்டதும் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அறுபதாவது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். நம்மூர்க் கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டு உண்டே, அதே ஏற்பாடுதான். பிரசாதத்துக்குப் பதிலாக இங்கே சான்றிதழ் தருகிறார்கள்.

இதற்குப் பெயர் பொறுப்புள்ள பயணம். பொறுப்பு யாருக்கு, யாரிடம், எதற்கு என்றெல்லாம் கேட்டுவிடக் கூடாது. சீட்டு வாங்கியாயிற்று, பொறுப்பு வந்தாயிற்று.

காலை ஏழு மணிக்குக் கினிகியில் இருக்கும் பூங்கா அலுவலகத்துக்கு வாருங்கள் பயணியாரே, பொறுப்பைக் கண்ணாரப் பார்க்கலாம். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். புல்வெளியில் முரசு முழங்கும். சிங்கப் பிடரிபோல நார்த் தலையணி அணிந்த இளைஞர்கள், ஒரு காலத்தில் அரசவையில் ஆடிய இன்டோரே ஆட்டத்தை, காபிக் கோப்பை ஏந்திய விருந்தினருக்காகக் காலிலிருந்து புழுதி பறக்க ஆடுவார்கள். ஆட்டம் முடிவதற்குள் பாதிப்பேர் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்திருப்பார்கள். பிறகு எட்டெட்டுப் பேராகக் குழு பிரிப்பார்கள். விதிகளைச் சொல்வார்கள்: பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம், சளி, இருமல் இருப்பவர் இப்போதே சொல்லிவிட வேண்டும். மனிதரின் சாதாரண ஜலதோஷம் கொரில்லாவின் நுரையீரலுக்குள் போனால் உயிரைக் குடித்துவிடும். விதி நல்ல விதி. ஆனால் ஒன்றேகால் லட்சம் கட்டி, விமானம் மாறி மாறி வந்தவருக்குத் தொண்டை கரகரத்தால் யாரிடம் சொல்வார்? கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிடுவார். இனம் அழியலாம், சீட்டு வீணாகக் கூடாது.

தள்ளி நிற்கும் விதியின் கதை இன்னும் அழகு. பழைய விதி ஏழு மீட்டர். கொரோனாவுக்குப் பின் பத்தாக்கினார்கள். மலைக் கொரில்லாவோடு எடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றிய படங்களை ஆய்வாளர்கள் சேர்த்து அலசியபோது, பத்தில் எட்டுக்கு மேல் நான்கு மீட்டருக்குள் எடுக்கப்பட்டவை. சில படங்களில் கொரில்லாவைத் தொட்டுக்கொண்டே நிற்கிறார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே 'இயற்கையை மதிப்போம்' வகையறா வாசகங்களுக்கும் பஞ்சமிருக்காது.

மேலே ஏறும்போது உங்கள் பையைச் சுமக்க ஒருவர் வருவார். நீல உடை, ரப்பர் பூட்ஸ். சுமைகூலி ஒரு நல்ல இரவு உணவின் விலைகூட வராது. இவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்கள் உண்டு என்று வழிகாட்டி சொல்வார். உடனே உங்கள் நெஞ்சு நெகிழும்: நேற்று கண்ணி வைத்தவர், இன்று என் காமிராவைச் சுமக்கிறார்! மனிதன் திருந்திய கதையை இதைவிட மலிவாக வேறெங்கே வாங்க முடியும்?

இனி அந்த மலையைக் கொஞ்சம் பாருங்கள். ருவாண்டா, தமிழ்நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் 1.3 கோடி மக்கள். ஆயிரம் மலைகளின் நாடு என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆயிரம் மலையிலும் கடைசி முழம் வரை உருளைக்கிழங்கும் பீன்ஸும் வாழையும் ஏறியிருக்கின்றன. உழவு முடியும் இடத்தில் எரிமலைக் கற்களை அடுக்கிய குட்டைச் சுவர் ஒன்று ஓடுகிறது. காட்டெருமை பயிருக்குள் இறங்காதிருக்க எழுப்பியது. அந்தப் பக்கம் எரிமலைப் பூங்கா. இந்தப் பக்கம் ஊர்.

சுவருக்கு அந்தப் பக்கம் பழக்கப்படுத்தப்பட்ட ஒவ்வொரு கொரில்லாவுக்கும் பெயர் உண்டு, வம்சாவளி உண்டு, தினமும் பின்தொடர்ந்து கணக்கெடுக்கும் காவலர் உண்டு, கண்ணியில் கை மாட்டினால் காட்டுக்குள்ளேயே வந்து மருந்து போடும் மருத்துவர் உண்டு. இருக்கட்டும், வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சமூகம் இருக்கிறது. துவா என்பது அவர்கள் பெயர். அந்தக் காட்டில் பூங்காவும் சுவரும் சீட்டும் வருவதற்கு முன்பே தேனெடுத்து, வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள். இன்று அவர்கள் உள்ளே கால் வைத்தால் குற்றம். நீங்கள் கால் வைத்தால் பாதுகாப்புப் பணி.

காட்டை யார் அழித்தார்கள், யார் காத்தார்கள் என்ற வரலாறு தெரியாமல் பொறுப்பைப் பற்றிப் பேசக் கூடாது. 1902இல் ஜெர்மானியப் படை அதிகாரி ஃபோன் பெரிங்கே சபினியோ மலையில் இரண்டு கொரில்லாக்களைச் சுட்டார். பரிசாக அந்த விலங்கின் அறிவியல் பெயரில் அவர் பெயரையே ஒட்டிவைத்தார்கள். கொன்றவன் பெயரை இனம் முழுக்க இன்றுவரை சுமக்கிறது. 1921இல் அமெரிக்கர் கார்ல் ஏக்லி, நியூயார்க் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து நிறுத்துவதற்காகச் சில கொரில்லாக்களைச் சுட்டுக் கொண்டுபோனார். சுட்ட பிறகு மனம் இளகி, இவற்றைக் காக்க வேண்டும் என்று, அந்த மண்ணை அப்போது ஆண்ட பெல்ஜியத்தின் மன்னரிடம் வாதாடினார். 1925இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. பெயர்? ஆல்பர்ட் பூங்கா, அந்த மன்னரின் பெயர். குலம் கெடுத்தவன் கையில் குத்துவிளக்கு என்பது இதுதான்.

கதை அதோடு நிற்கவில்லை. 1960களின் கடைசியில், ஐரோப்பிய உதவியோடு, பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்படும் பைரித்திரம் பூ பயிரிடுவதற்காகப் பூங்காவின் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை வெட்டிக் கொடுத்தார்கள். பணக்கார நாடுகளின் வீடுகளில் கொசு சாக வேண்டும். அதற்காகக் கொரில்லாவின் வீடு போனது. துவா மக்கள் அம்பு எய்து மான் அடித்ததால் அழிந்த காடு எத்தனை ஏக்கர் என்று யாராவது கணக்குக் காட்டட்டும். கிஷ்வாதிக் காடு 1980களில் உலக வங்கிக் கடனில் மேய்ச்சல் நிலமாகவும் தோப்பாகவும் மாறியபோது, அங்கிருந்த துவா மக்கள்தான் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். எரிமலைப் பூங்காவிலும் நியூங்வேக் காட்டிலும் அதே கதை. கலந்து பேசவில்லை. மாற்று நிலம் இல்லை. இழப்பீடு இல்லை. சுட்டவருக்கு அருங்காட்சியகம், வெட்டியவருக்குக் கடன், வாழ்ந்தவருக்கு வெளியேற்றம்.

டயன் ஃபாஸியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பயணியார் கோபித்துக்கொள்வார். 1967இல் வந்து கரிசோக்கே ஆய்வு முகாமை அமைத்து, கொரில்லாக்களை உலகுக்கு அறிமுகம் செய்தவர். தம் பிரியத்துக்குரிய டிஜிட் என்ற கொரில்லாவை வேட்டைக்காரர்கள் கொன்றபோது நொறுங்கிப்போனவர். 1985 டிசம்பரில் தம் குடிசையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டவர். அந்த அம்மையார் கொரில்லாச் சுற்றுலா என்ற பேச்சையே வெறுத்தார். இப்போது அவர் கல்லறைக்கு நடத்திக் கூட்டிப்போகிறார்கள். அதற்கும் தனிச் சீட்டு, 75 டாலர். சுற்றுலா வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் கத்தியவரைச் சுற்றுலாத் தலமாக்கியாயிற்று.

வனவிலங்கு முடிந்தது, மதியம் கலாச்சாரம். பயண நிரலில் அதற்கு ஒன்றரை மணி நேரம். பூங்காவின் ஓரத்தில் ஒரு பண்பாட்டுக் கிராமம் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முரசு. வில்லேந்திய ஒருவர் புதருக்குள் பதுங்கி, இல்லாத மானை நோக்கி அம்பு விடுவது எப்படி என்று நடித்துக் காட்டுகிறார். மூலிகை தெரிந்தவர் இலையைக் கசக்கி மூக்கருகில் நீட்டுகிறார். அந்த இலை முளைக்கும் காடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. போய்ப் பறிக்கத்தான் அனுமதி இல்லை. கடைசி உருப்படி, மகுடாபிஷேகம். அரைக்கால் சட்டை போட்ட பயணியாரையும் அவர் துணைவியாரையும் அரசன் அரசியாக வேடம் கட்டி உட்கார வைத்து, ஊரே சுற்றி நின்று குலவையிட்டு வணங்குகிறது. ருவாண்டாவில் முடியாட்சியை 1961இலேயே ஒழித்துவிட்டார்கள். சீட்டு வாங்கினால் ஒரு பிற்பகல் மட்டும் திரும்பக் கிடைக்கிறது. காலனியம் போய்விட்டது என்று யார் சொன்னது? மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது.

ஆடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணி வைத்துச் சிறைக்குப் போவதைவிட ஆடிப் பிழைப்பது மேல் என்று அவர்களே சொல்லக்கூடும். காடு போன பிறகு துவா மக்கள் பானை வனைந்தார்கள். களிமண் எடுத்த சதுப்பு நிலங்கள் நெல்வயலாயின, சந்தைக்குப் பிளாஸ்டிக் குடம் வந்தது, பானையும் போனது. 2010ஐ ஒட்டி, கூரை வீடு நாட்டுக்கு அவமானம் என்று அரசு புல்வேய்ந்த குடிசைகளை ஒழிக்கக் கிளம்பியபோது, புது வீடு எழும்புவதற்கு முன்பே பழைய கூரை பிரிக்கப்பட்டு மழையில் நின்ற குடும்பங்களில் அவர்கள் நிறைய. அவமானம் என்று ஊருக்குள் இடித்துத் தள்ளிய அதே குடிசையை, பண்பாட்டுக் கிராமத்துக்குள் அழகாக வேய்ந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதன் வாசலில்தான் படம் எடுத்துக்கொண்டீர்கள், பயணியாரே.

பணம் ஊருக்குப் போகிறதா என்று கேட்பீர்கள். போகிறது. பூங்கா வருமானத்தில் சுற்றியுள்ள மக்களுக்கான பங்கு 2005இல் ஐந்து விழுக்காடு, 2017இல் பத்தாக்கினார்கள். அதில் பள்ளிக்கூடம் வந்தது, சுகாதார நிலையம் வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கணக்கை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நூறு ரூபாயில் பத்து, காட்டை விட்டுக்கொடுத்தவர்களுக்கும் காட்டெருமையிடம் பயிரை இழப்பவர்களுக்கும் சேர்த்து. அதுவும் திட்டமாக, கட்டடமாக. அந்தப் பத்துக்குள் நிலமற்ற துவா குடும்பத்தின் கைக்கு எத்தனை காசு வருகிறது என்று கேட்க வேண்டுமானால், முதலில் அவர்களைத் தனியாக எண்ண வேண்டும். 1994 இனப்படுகொலைக்குப் பின் இனப்பெயரால் மக்களைப் பிரிக்கக் கூடாது என்பது நாட்டின் கொள்கை. நடந்த கொடுமையைப் பார்த்தால் அந்தக் கொள்கையின் காரணம் புரிகிறது. விளைவு என்னவென்றால், நாட்டியத்துக்கு அழைக்கும்போது மட்டும் அவர்கள் தனிச் சமூகம். நிலம் கேட்கும்போது எல்லாரும் ஒன்று.

இப்போது பூங்காவை மேலும் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு விரிக்கும் திட்டம் நடக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற வேண்டும். கொரில்லாக்கள் பெருகிவிட்டன, இடம் போதவில்லை. காரணம் நியாயமானது. அதே சரிவில், மலையைப் பார்த்தபடி குளியல்தொட்டி வைத்த சொகுசு விடுதிகள் ஓரிரவுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குகின்றன. இடம் போதாதபோது எழுந்து போக வேண்டியவர் எப்போதும் உருளைக்கிழங்கு நட்டவராகவே இருப்பது எப்படி?

செப்டம்பரில் பெயர்சூட்டு விழா. குவிட்டா இசினா. 2005 முதல் நடக்கிறது. மூங்கிலால் வேய்ந்த பிரம்மாண்டமான கொரில்லா உருவத்தின் கீழே மேடை. அதில் உலகப் பிரமுகர்கள் ஏறி அந்த ஆண்டு பிறந்த குட்டிகளுக்குப் பெயர் வைப்பார்கள். நவோமி காம்ப்பெல் வைத்திருக்கிறார், டிடியர் ட்ரோக்பா வைத்திருக்கிறார், இட்ரிஸ் எல்பா வைத்திருக்கிறார். பிறந்த குழந்தைக்கு ஊர்கூடிப் பெயரிடும் ருவாண்டா வழக்கம்தான் இதற்கு மூலம். அந்தக் குட்டியைப் பிறந்த நாளிலிருந்து மழையிலும் சேற்றிலும் பின்தொடர்ந்த காவலரின் பெயர் உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

ஊருக்குத் திரும்பும் வழியில், அல்லது வந்திறங்கிய முதல் நாளில், தலைநகர் கிகாலியின் கிசோசி படுகொலை நினைவகம். இரண்டரை லட்சம் பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1994இல் நூறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் துட்சி இனத்தவர். பயணியார் கண் கலங்குகிறார், 'மனிதன் இப்படியுமா' என்கிறார், அருகில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். எல்லாம் ஒரே பிற்பகலில். மனிதன் இப்படித்தான் என்பதற்கு ஆவணங்கள் உண்டு ஐயா. இனத்தை அச்சடித்த அடையாள அட்டையை 1930களில் கையில் கொடுத்தது பெல்ஜியம். சாலைத் தடுப்புகளில் அந்த இனக்குறிப்பைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். கொலை உச்சத்தில் இருந்த 1994 ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை தன் அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. வெளிநாட்டவரை விமானம் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களை வாசலில் விட்டுப்போனார்கள். பிரான்சு அதிபரே நியமித்த வரலாற்றாளர் குழு 2021இல் எழுதியது: இந்தப் படுகொலையில் பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு. கவனியுங்கள், இந்த நாட்டின் விஷயத்தில் பொறுப்பு என்ற சொல் பிரான்சின் தாளில் ஏற இருபத்தேழு ஆண்டு ஆயிற்று. பயண நிறுவனத்துக்கு ஒரு விளம்பரத் துண்டறிக்கை போதுமாயிருக்கிறது.

கிகாலி சுத்தமான நகரம் என்று மெச்சுகிறீர்கள். 2008 முதல் பிளாஸ்டிக் பை தடை. விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். நல்லது. தெருவில் பிச்சைக்காரர் இல்லை, நடைபாதை வியாபாரி இல்லை, அதுவும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டீர்களா? பிடித்துக்கொண்டுபோய் விசாரணையில்லாமல் அடைக்கும் கிகோண்டோ மையத்தைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக எழுதுகின்றன; தெருக்குழந்தைகளும் அதில் அடக்கம். பிளாஸ்டிக்கும் ஏழையும் ஒரே கூடையில் அள்ளப்படும் நகரம் பளிச்சென்றுதான் இருக்கும்.

அப்புறம் அந்தக் கால்பந்து விளம்பரம். 2018இல் ஆர்சனல், 2019இல் பாரிஸ் அணி, 2023இல் பேயர்ன் மியூனிக். 'ருவாண்டாவுக்கு வாருங்கள்' என்று உலகத்தின் பணக்காரக் கால்பந்துக் கழகங்கள் அழைத்தன. அதே எரிமலைகளின் மறுசரிவில் காங்கோ. அங்கே எம்23 கிளர்ச்சிப் படையோடு ருவாண்டாப் படையினரும் நிற்கிறார்கள் என்று ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கைமேல் அறிக்கை தந்தது. ருவாண்டா அரசு மறுக்கிறது. 2025 ஜனவரியில் கோமா நகரம் அந்தப் படையின் கையில் விழுந்தது. காங்கோப் பக்கத்து விருங்கா பூங்காவில் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட வனக்காவலர்கள் கடமையில் உயிர்விட்டிருக்கிறார்கள். கொரில்லாவுக்கு எல்லை கடக்கக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று வழிகாட்டி சிரித்தபடி சொல்வார். துப்பாக்கிக்கும் வேண்டியிருப்பதில்லை.

2021 நவம்பரில் முப்பது வெள்ளைக் காண்டாமிருகங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து போயிங் விமானத்தில் வந்து அக்காகேராப் பூங்காவில் இறங்கின. அடுத்த ஆண்டு பிரிட்டன், தன் கரைக்கு வந்த அகதிகளையும் இங்கே விமானத்தில் அனுப்ப ஒப்பந்தம் போட்டது. 2023இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அகதிகளுக்கு இது பாதுகாப்பான நாடு இல்லை என்று தீர்ப்பளித்தது. கொரில்லா பார்க்கப் போகிறவருக்கு இதே நாடு ஆப்பிரிக்காவிலேயே மிகப் பாதுகாப்பான நாடுகளில் ஒன்று என்று விற்கப்படுகிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பாதுகாப்பும் சீட்டில்தான் வருகிறது.

அப்படியானால் போகவே கூடாதா என்று முறைக்கிறீர்கள். 1980களில் விருங்கா மலைகளில் மிஞ்சியிருந்த கொரில்லாக்கள் ஏறக்குறைய 250. 2015-16 கணக்கெடுப்பில் 604. உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்தால் உலகில் இருப்பவை 1,063. போரும் படுகொலையும் நடந்த மண்ணில் ஒரு பேருயிர் பெருகியிருப்பது சாதனை. சுற்றுலாப் பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சாதனை கண்ணிகளை அறுத்த காவலருடையது, பயிரை எருமையிடம் விட்டுப் பொறுத்த உழவருடையது, காட்டையே விட்டு வெளியேறிய துவா குடும்பங்களுடையது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்த உங்களுடையது இல்லை.

ஆகவே போங்கள். விதியை மதியுங்கள், இருமினால் திரும்பிவிடுங்கள், சுமப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கிளம்புமுன் உங்கள் பயண நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் பணத்தில் மலையடிவாரத்தில் தங்குவது எவ்வளவு? இந்தக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு நிலப்பட்டா கிடைத்ததா? பண்பாட்டுக் கிராமத்தின் கணக்குப் புத்தகம் ஆடுகிறவர் கையிலா, ஆட்டுவிக்கிறவர் கையிலா? பதில் வராவிட்டாலும் கேளுங்கள். ஆயிரம் பேர் கேட்டால் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டிவரும். காட்டைக் காத்ததற்கான கூலி காட்டை இழந்தவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது சேரும்வரை நீங்கள் செய்வது சுற்றுலா. பொறுப்பு என்று பெயர் சூட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.